பத்துக்குப் பத்து

ஜெஸி அந்தத் தாளை மூன்றாம் தடவையாக விரல்வைத்துப் படித்தாள்.

இடது பக்கம் பத்து எண்கள். வலது பக்கம் பத்து எண்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

இடது பக்கம் ஆறு வயது மஞ்சு. வலது பக்கம் அவளைப் பெற்ற மங்களேஸ்வரி.

இரண்டு பேரும் எதிரே, தென்காசியின் அந்தச் சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சு மங்குஸ்தான் தின்று உதட்டைக் கறையாக்கிக்கொண்டிருந்தாள். தாய்க்காரி ஜெஸியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சுவின் உடம்பில் நல்ல ரத்தம் ஊறவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றித்தான் காலம் ஓடியது. எலும்பு மஜ்ஜையை மாற்றினால் பிழைத்துக்கொள்வாள். அதற்கு, தாளில் எண்களாக வந்திருக்கிற, வெள்ளையணுக்களின் மேலிருக்கும் அடையாளங்கள் அவளோடு பொருந்துகிற ஒரு ஆள் வேண்டும். அண்ணன்காரனுக்குப் பொருந்தவில்லை.

அம்மாவை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்த அடையாளங்களில் பாதி அம்மா கொடுப்பது, பாதி அப்பா கொடுப்பது. பெற்றவள் பாதிதான் பொருந்துவாள். கூட வந்தவள் என்பதால் அவளிடமும் ஒரு டியூப் ரத்தம் எடுத்தார்கள், அவ்வளவுதான். அப்பா விஜயசங்கர் குற்றாலத்தில் சீசன் கடையை விட்டு வரவே இல்லை.

போன மாதம் முதல் முடிவு வந்த அன்று, சென்னை ஆய்வுக்கூடத்து டாக்டர் போனிலேயே ஜெஸியைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். மகளின் ரத்தத்தையே இரண்டு டியூபிலும் ஊற்றி அனுப்பினாயா என்று கேட்டார். இங்கே ரத்தம் எடுக்கும் வேலைக்கு வந்த நாலு வருஷத்தில் ஒரு டியூபைக்கூட மாற்றிவைக்காதவள் ஜெஸி. "டெஸ்ட்ல ஏதோ தப்பாயிட்டுக்கா" என்று மங்களேஸ்வரியிடம் சொல்ல நேர்ந்ததுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

மறுபடி எடுத்தாள். மகளுக்கு ஒரு நாள், அம்மாவுக்கு மறுநாள். டியூபில் ஒட்டும் சீட்டில் மங்களேஸ்வரியையே பெயர் எழுதச் சொன்னாள்.

இப்போதும் அதே எண்கள். பத்துக்குப் பத்து!

ஜெஸிக்கு நாற்காலியில் ஏறி நின்று கத்த வேண்டும் போலிருந்தது.

போன் அடித்தது. அதே டாக்டர். குரலில் இன்று கடுகடுப்பு இல்லை. அப்பா மகளுக்குக் கொடுத்த பாதி அம்மாவிடமும் ஏற்கெனவே இருந்தால்தான் இப்படிப் பொருந்தும் என்றார். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே, அதைக் கேட்டுச் சொல், லைனிலேயே இருக்கிறேன் என்றார்.

"அக்கா, ஒரு கட்டத்தை நெரப்பாம விட்டிருக்கியளே. கல்யாணத்துக்கு முந்தி விஜயசங்கர் அண்ணாச்சி ஒங்களுக்கு என்ன மொறை?"

மங்களேஸ்வரியின் முகம் செத்துப்போனது.

இந்தக் கேள்வியை அவளிடம் கேட்காத டாக்டர் இல்லை. பதில் சொன்னதும் திட்டாதவரும் இல்லை. அதனால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று சொந்தக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து வருஷம் தலையைக் குனிந்துகொண்டே சொல்லி அலுத்துப்போய்த்தான், இந்தத் தடவை அந்தக் கட்டத்தை வேண்டுமென்றே விட்டிருந்தாள்.

ஜெஸி தாளைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். எண்களைக் காட்டினாள். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

மங்களேஸ்வரி எண்களைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

எழுந்து நின்று, போனை வாங்கி, வெளியே வரிசையில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்:

"எங்கம்மைக்குக் கூடப்பொறந்த தம்பி, சார். எனக்குத் தாய்மாமா!"