மூதூரில் பார்த்த பெண்

ஸல்ஹா திருகோணமலையிலிருந்து லோஞ்சுப் படகில் மூதூருக்குப் பெண் பார்க்க வந்திருந்தாள். பெண் அசனாவுக்கு வயது நாற்பத்தெட்டு. கணவன் தலாக் சொல்லிவிட்டிருந்தான்.

ஸல்ஹா வந்த சற்று நேரத்திலேயே இரண்டு தரம் கக்கூசுக்குப் போய் வந்தாள்.

"மாப்பிள்ளை றஊப் நல்ல மனுசன். துறைமுகத்தில வேலை. குடி, சண்டை ஒண்டும் இல்ல," என்றாள் மனப்பாடம் செய்தவள் போல.

"நீங்க அவருக்குக் கூடப்பிறந்த ராத்தாவோ?" என்று கேட்டாள் அசனா.

"இல்ல. பெண்சாதி."

அசனா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மாசத்தீட்டு நிண்டு ரெண்டு வருசம்," என்றாள் ஸல்ஹா. "ஒண்ணுக்குப் போனா எரியுது, அடக்கவும் ஏலாது. அவரோட படுத்தா உசிர் போற நோவு. அதான் அவருக்கு வேற பெண் பாக்கிறன்."

"எனக்கும் இதேதான் ராத்தா. அதாலதான் என்ட மனுசன் தலாக் சொன்னவர்."

ஸல்ஹா எழுந்தாள். "அப்ப உங்களாலயும் ஏலாது."

"இப்ப ஏலும். தலாக்குக்குப் பிறகுதான் ஒரு லேடி டொக்டரிட்டப் போனனான். தீட்டு நிண்டா உள்ளுக்கு வறண்டு போகுமாம். பூசுறதுக்குக் கிறீம் தந்தா. கொஞ்ச நாளில எல்லாம் சுகம். நீங்களும் போங்க. இந்தக் கலியாணமே தேவையில்ல, அவரோட சந்தோசமா இருங்க."

ஸல்ஹாவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. அழுகையும் வரவில்லை.

"டொக்டரிட்டப் போறன். எரிவு நிண்டாப் போதும்," என்றாள். "வேற கலியாணம் முடிங்க எண்டு நான் சொன்னதும், அவர் ஏன் எண்டு கேக்கல்ல. எப்ப எண்டுதான் கேட்டார்."