கச்சேரி மாற்றும் பாடம்

"பாத்தீரா வேய், இன்னைக்கும் வரல்ல!" என்று பொருமினார் கோலப்ப பிள்ளை. "கச்சேரியை மாத்தப் பாடம் நடத்த வந்தவரு, மாத்தப் போற கச்சேரியை ஒரு தடவை எட்டிப் பாக்க வேண்டாமா?"

"பெரிய இடம்லா, காலு வலிக்கும்" என்றார் பக்கத்து மேசை மாதேவன் பிள்ளை.

அது 1927. தாலுகாக் கச்சேரி கோயில் தெருவை விட்டுச் சந்தை ரோட்டுப் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. அந்த வேலையைக் குமஸ்தாக்களுக்குக் கற்றுக்கொடுக்கத் திருவனந்தபுரத்திலிருந்து சுயம்பு என்ற அதிகாரி வந்திருந்தார். கோட்டு, தலைப்பாகை, பி.ஏ. பட்டம். அதற்கு மேல் அவரிடம் எதையும் விசாரிக்க யாருக்கும் தைரியமில்லை.

பாடமெல்லாம் புதுக் கட்டடத்தில்தான். தரையில் சுண்ணாம்பால் கோடு கிழித்து, செங்கல்தான் மேசை, கொட்டாங்கச்சிதான் நாற்காலி என்றார். நரைத்த குமஸ்தாக்கள் குந்தியிருந்து கொட்டாங்கச்சியை நகர்த்தினார்கள். வீட்டுக்காரிகள் பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பார்கள்.

"அவசரமில்லாத காகிதக் கட்டு முதல் வண்டியில போகட்டும். அன்னைக்கே வேண்டியது கடைசி வண்டியில. அப்பந்தான் வாசல் பக்கம் கிடக்கும், உடனே எடுக்கலாம்" என்பார். "நாளைக்கு வேற ஊர்ல நீங்களே இதைச் செய்யணும். நான் இருக்க மாட்டேன்."

கெட்டிக்காரர்தான். அதுதான் கோலப்ப பிள்ளைக்கு இன்னும் எரிச்சல்.

அவருக்குப் பழைய கச்சேரி மேல் உயிர். குளத்துக் காற்று, உச்சிப் பூசை மணி, மணி அடித்த கையோடு வரும் பாயசம்... சந்தை ரோட்டில் என்ன இருக்கிறது? கருவாட்டு நாற்றமும் வண்டிப் புழுதியும்தான். சுயம்பு மேலிடத்துக்கு ஒரு வரி எழுதினால் பழைய கட்டடத்தையே செப்பனிட்டுத் தருவார்கள் என்று பேச்சு. ஒரு தடவை அந்தக் காற்றில் அவரை உட்கார வைத்துவிட்டால் போதும், கட்டாயம் எழுதுவார் என்று நம்பினார் பிள்ளை.

"ஏமானே, ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க" என்று கெஞ்சாத நாளில்லை.

"வேலை கிடக்கு" என்பார் சுயம்பு. அத்தோடு விடவும் மாட்டார். "குளத்துல தாமரை உண்டா? உள்ள இருந்தா காத்து எந்தப் பக்கமா வரும்?" என்று குடைவார்.

வந்து பார்க்க நேரமில்லையாம், கதை கேட்க மட்டும் நேரமிருக்கிறதாக்கும் என்று பல்லைக் கடிப்பார் கோலப்ப பிள்ளை.

மாற்றும் நாள் வந்தது. சுயம்பு கோயில் தெரு முனையில் வெயிலில் நின்று ஒவ்வொரு வண்டியாகச் சரிபார்த்து அனுப்பினார். பாடம் பலித்தது, ஒரு கட்டுகூடப் பிசகவில்லை.

கடைசி வண்டியோடு கோலப்ப பிள்ளை வந்தார். வெறிச்சோடிய அறைகளைப் பார்த்துவிட்டு வந்த மனசு தாங்கவில்லை. வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"ஒரு வரி எழுதியிருந்தா எங்க கச்சேரி எங்களுக்கு இருந்திருக்கும். நாலு எட்டு வச்சா வந்திரலாம். அப்பிடி என்ன ஏமானே உங்களுக்கு வீம்பு?"

சுயம்பு தெரு முனைப் பலகையைக் காட்டினார். இதற்கு அப்பால் கீழ்ச்சாதியார் வரக்கூடாது என்னும் தீண்டல் பலகை. கோலப்ப பிள்ளை தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தார்.

"கோட்டுப் போட்டாலும் அது என்னையும் சேத்துத்தான் சொல்லுது, பிள்ளைவாள். ஒரு வரி எழுதத்தான் செஞ்சேன். பலகை இல்லாத ரோட்டுக்குப் போகட்டும்னு எழுதினேன்."

பிள்ளை பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க அப்பன் மனு குடுக்க வந்தா இந்த முக்குலதான் நிப்பாரு. 'ஏமானே, ஏமானே'ன்னு கூவுவாரு. யாராவது வந்து வாங்கிட்டுப் போகணும். அவரு முண்டு முனையைப் பிடிச்சுக்கிட்டு நானும் நிப்பேன். அன்னையிலேருந்து ஆசை, உள்ள போய் ஒரு தடவை பாத்திரணும்னு." சுயம்பு காலித் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு கூவினது உள்ள கேட்டிருக்குமா பிள்ளைவாள்?"

கேட்கும். நன்றாகவே கேட்கும். "கிடக்கட்டும் வேய், தொண்டை வத்தினா தானா நிறுத்துவான்" என்று, மனு வாங்க எழுந்தவர்களையும் உட்கார வைத்தவர் கோலப்ப பிள்ளைதான்.