எழுப்பும் வேலை

பழைய டிஸ்க்கோடு வேகமான புது டிஸ்க் ஒன்றையும் பொருத்திய பிறகும் கணினியின் வேகம் கூடவில்லை. "இந்தப் புது டிஸ்க்கை நாளைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துடறேன்" என்றாள் செண்பகா.

புது டிஸ்க் பழையதிடம் முறையிட்டது: "அண்ணே, கணினியை எழுப்புற வேலையை நீங்களே பிடிச்சுக்கிட்டிருக்கீங்க. திட்டு மட்டும் எனக்கு."

"வேலையை விட்டா என்னைக் கழற்றிடுவாங்க, தம்பி."

கணினிப் பெட்டிக்குள் பக்கத்திலிருந்த மின்விசிறி சிரித்தது. "இப்படியே மூச்சு வாங்கினா மொத்தப் பெட்டியையும் தூக்கிப் போட்டுடுவாங்க, அண்ணே!"

பழையது நெடுநேரம் யோசித்தது. பிறகு எழுப்பும் வேலையைத் தம்பியிடம் கொடுத்தது.

மறுநாள் செண்பகா பொத்தானை அழுத்தியதுமே திரை மலர்ந்தது. ஸ்க்ரூடிரைவர் வருமென்று பழைய டிஸ்க் காத்திருந்தது. வரவில்லை. அவளுடைய பாட்டுகளெல்லாம் அதனிடம்தான் இருந்தன. ஒன்றை அவள் ஒலிக்கவிட்டாள். இத்தனை வருடமாகச் சுமந்த பாட்டை அன்றுதான் அது அவசரமில்லாமல் கேட்டது.