யாருக்காக ஏறிய வரி

"போன மாசம் நாப்பத்தி ரெண்டாயிரம்னு சொன்னீங்க. இப்ப அம்பதாயிரமா? இது கடையா, கொள்ளைக் கூட்டமா?"

அய்யனார் போட்ட சத்தத்தில், எதிர்ப்பக்கம் ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மகள் சுவேதா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. லேப்டாப் அவளுக்குத்தான்.

கவுண்டருக்குப் பின்னால் நின்ற பொன்னிக்கு இது புதிதில்லை. கடலூர் லாரன்ஸ் ரோட்டில் இருக்கும் அந்தக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் பத்து நாளாக இதே ஏச்சைத்தான் வாங்கிக் கட்டிக்கொள்கிறாள்.

"சார், வெளிநாட்டுல இருந்து வர்றதுக்கு வரிய ஏத்திட்டாங்க. கடையில நாங்க ஒண்ணும் கூட்டல."

"அப்ப இங்கயே செய்யறதக் காட்டு."

காட்டினாள். அதன் விலையும் ஏறியிருந்தது.

"இதுக்குத்தான் அந்த வரி கெடையாதே. இது ஏன் ஜாஸ்தி?"

"வெளிநாட்டு சரக்கு ஏறினதும் இங்க செய்யற கம்பெனியும் ஏத்திடுச்சு சார்."

அய்யனாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்தக் கம்பெனிக்காரன்தானே டெல்லிக்குப் போயி வரிய ஏத்தச் சொன்னவன்? நம்ம ஆளுங்களுக்கு வேல குடுக்கறேன்னு மந்திரிக்கு சால்வ போடுவான். எலெக்‌ஷனுக்கு நிதி குடுப்பான். வரி ஏறினதும் வெலைய ஏத்தி அவன் பையில போட்டுக்குவான். அவன்கிட்ட வேல செய்யறவனுக்குப் பத்து ரூபா கூட்டிக் குடுத்திருப்பானா?"

பொன்னிக்குத் தொண்டைவரை ஒரு வார்த்தை வந்தது. விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நீங்க குடுத்தீங்களா சார்?"

"என்னம்மா சொல்ற?"

"அண்ணாகிராமத்துக்கிட்ட முந்திரி கம்பெனி வச்சிருக்கீங்க இல்ல சார். வெளிநாட்டுப் பருப்புக்கு வரி போடணும்னு போன வருஷம் உங்க மொதலாளிங்க சங்கத்துல இருந்து மந்திரியப் போயிப் பாத்தீங்க. கொட்ட ஒடைக்கிற பொம்பளைங்க வயித்துக்காகன்னு மனுவுல எழுதினீங்க. வரியும் போட்டாங்க, பருப்பு வெலையும் ஏறிச்சு. உங்ககிட்ட கொட்ட ஒடைக்கிற எங்கம்மாவுக்கு மட்டும் கிலோவுக்கு அதே பழைய கூலிதான்."

அவள் குரலை உயர்த்தவில்லை.

சுவேதா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்கம்மா பேரு என்ன?"

தான் செய்துவிட்ட காரியம் அப்போதுதான் பொன்னிக்கு உறைத்தது. வேறு ஏதாவது பேரைச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்தப் பேருக்கு உரியவளின் வேலை போய்விடுமே.

"முத்தம்மாள்."

அய்யனார் ஒன்றும் வாங்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் பொன்னி வீட்டுக்குப் போனபோது, அம்மா விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தோலை அரிக்கும் முந்திரிக்கொட்டைப் பால் பட்டுப் பட்டு ரேகையே தேய்ந்துபோன விரல்கள். பொன்னி வாங்கிக் கொடுத்த செல்போன்கூட அந்த விரலை அடையாளம் கண்டு திறந்துகொள்ளாது.

நடந்ததைச் சொன்னாள். முத்தம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"இருவது வருஷமா நாங்க அறுவது பேரு வாயத் தொறக்கல. நீ ஏன்டி தொறந்த?"

"தாங்கல அம்மா."

"நாளைக்கு அவரு வேலைக்கு வராதேன்னு சொன்னா, வேற எவன் என்னைய வேலைக்குச் சேத்துக்குவான்? எல்லாரும் ஒரே சங்கம்."

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம், கடையில் பொன்னியின் போன் அடித்தது. அம்மா வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை.

"மொதலாளி எம் பேரச் சொல்லிக் கூப்புட்டாருடி. அத்தன பேருக்கு முன்னாடியும்."

"அனுப்பிட்டாரா அம்மா?"

"கேளு. இந்த வாரத்துல இருந்து எல்லாருக்கும் கிலோவுக்கு ஆறு ரூபா கூட்டியிருக்காரு. அவரு பொண்ணு ரெண்டு நாளா அவருகூடப் பேசவே இல்லியாம். மேஸ்திரி சொல்றாரு."

பொன்னி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புறம் எதுக்கு உன் பேரச் சொல்லிக் கூப்புட்டாரு?"

"அந்த முந்திரி வரிய எடுத்துடாதீங்கன்னு சங்கத்துல மறுபடி மந்திரியப் பாக்கப் போறாங்களாம். 'ஒங்க வயித்தப் பத்தி இனிமே நாங்க பேசறது நல்லால்ல முத்தம்மா, நீயே வந்து பேசு. எங்ககிட்ட என்ன கேக்கணுமோ அதையும் அங்கியே கேளு'ன்னுட்டாரு. வரும்போது எனக்கு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கியா. அறுவது பேரும் ஆளுக்கொண்ணு கேக்கச் சொல்றாளுங்க, எனக்கு ஞாபகம் நிக்கல."