நாலில் மூணு

செங்கல் சுமந்த இடுப்பு, பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் மடங்க மாட்டேன் என்கிறது. அம்மா ஒருக்களித்து உட்கார்ந்து, மகளின் மறுதேர்வுத் தாளில் ஊரும் டீச்சரின் சிவப்புப் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதிலும் தேறாவிட்டால் மகள் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் குந்த வேண்டும். ஜன்னல் வெயில் மேசையில் பாதி வரை வந்து நிற்கிறது. வெளியே யாரோ பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். டீச்சர் தலை தூக்காமலே பேசுகிறார். “தப்பு எங்கன்னு வாயால சொன்னாத்தான் நான் மறுதேர்வு வைப்பேன். இவ சொன்னதைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்துருச்சும்மா. நாலில் மூணுன்னு நான் சொல்ல, நாலை மேல போட்டு மூணைக் கீழ போட்டிருக்கா. பின்னம் அத்தனையும் தலைகீழ்.” “நீங்கதானே டீச்சர் நாலை முதல்ல சொன்னீங்க?” என்கிறாள் மகள். “பாருங்க, வக்கீல் வாய். கேக்காம சும்மா மறுபடி எழுதவிட்டிருந்தா, மறுபடியும் தலைகீழாத்தான் எழுதியிருப்பா.” பேனா நிற்கிறது. தாளின் மேலே குறித்திருந்த பழைய மதிப்பெண் பன்னிரண்டை அடித்துவிட்டு, பக்கத்தில் நாற்பத்தொன்று என்று எழுதுகிறது. “அப்போ மண்டையில ஒண்ணும் கோளாறு இல்லையே டீச்சர்?” என்கிறாள் அம்மா. “இவளுக்கா? நல்லா கேட்டீங்க.” அம்மாவின் மூச்சு மெல்ல இறங்குகிறது. சிமெண்ட் காய்ந்த விரலால் அந்த எண்ணைத் தொடப் போனவள், கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் தொடுகிறாள். மகள் பென்சில் டப்பாவை மூடிக்கொண்டு, “போலாமாம்மா?” என்கிறாள். போகலாம்தான். பன்னிரண்டைப் பார்த்த அன்று, படிக்காத கழுதை என்று கன்னத்தில் அறைந்ததற்கு, மகளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.