வெள்ளிக்கிழமைத் தேர்வு

மூன்றாவது தடவையாக மென்பொருளை அழித்துவிட்டு மறுபடியும் ஏற்றினார்.

பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்து கடைசிவரை போனது. பிறகு அதே செய்தி. இணைக்க முடியவில்லை.

"சாஃப்ட்வேர் எழுதுறானுங்களாம், முட்டாப் பசங்க" என்றார் பரிதிவாணன்.

நாற்காலிக்குப் பின்னால் அவள் நின்றாள். கணவரின் வழுக்கையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான்.

கல்லூரி நூலகர் வேலைக்கான தேர்வு. இந்த மென்பொருள் ஏறினால் வீட்டிலிருந்தே எழுதலாம். பதினொரு மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

ஹாலில் சுவர்க் கடிகாரம் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. பத்தே முக்கால்.

மோடத்தின் ஒயரைப் பிடுங்கி வாயால் ஊதினார். திரும்பச் செருகினார். ஆண்டிவைரஸை நிறுத்தினார். நெட் ஸ்லோ என்றார். பக்கத்து வீட்டுக்காரன் வைஃபையைத் திருடுகிறான் என்றார்.

தெரியவில்லை என்று மட்டும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை.

"நான் ஒரு தடவை பாக்கட்டுமாங்க?"

"இதெல்லாம் டெக்னிக்கல். நீ போய்ப் படி."

அவருடைய பகுத்தறிவு மேடைப் பேச்சுகளை எல்லாம் இந்தக் கணினியில் தட்டச்சு செய்பவள் அவள்தான். பெண் விடுதலை பற்றித் தட்டிக்கொண்டிருந்தபோது, காப்பி ஆறிவிட்டது என்று கத்தியவர் அவர். மனைவி கணவனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று பேசிக் கைதட்டல் வாங்கி வந்தார். ஒருநாள் அழைத்துப் பார்த்தாள். அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வருடமும் இதே தேர்வு, இதே வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் உட்கார்ந்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள். பத்தரை தாண்டும்வரை வேண்டுமென்றே நாற்காலியை விடாமல் இருந்தார். நண்பர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தார்.

தோற்றாள்.

ராகு காரணமில்லை. பாதிப் பாடம் படிக்கவில்லை. அது அவளுக்கே தெரியும். அதோடு பஞ்சாங்கத்தை விட்டாள். இந்த வருடம் ஒழுங்காகப் படித்தாள். மென்பொருளையே பத்தரைக்குத்தான் அனுப்புவோம் என்று கல்லூரிக்காரர்கள் சொன்னபோது, அவள் கவலைப்படவில்லை.

கேபிள்காரனைத் திட்டுவதற்காகப் போனை எடுத்துக்கொண்டு பரிதிவாணன் பால்கனிக்குப் போனார்.

அவள் உட்கார்ந்தாள்.

திரையின் மூலையில் மணி ஒன்பது ஐம்பது.

எட்டி ஹாலைப் பார்த்தாள். பத்து ஐம்பது.

மூலையைச் சொடுக்கினாள். கணினி தானாகவே நேரம் பார்த்துக்கொள்ளும் வசதியை யாரோ நிறுத்திவைத்திருந்தார்கள். கையால் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். தேர்வு நடத்துகிறவர்களின் நேரமும் இந்த நேரமும் ஒத்துப்போகவில்லை. எப்படி இணையும்?

வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை. வெள்ளிக்கிழமைக்கு நல்ல நேரம்.

'நேரத்தில் நல்லது கெட்டது இல்லை' என்ற பேச்சை அவருக்காக எத்தனை முறை தட்டியிருப்பாள்! ராகு இந்தக் கணினியைப் பார்த்துத்தான் மணி தெரிந்துகொள்வான் என்று நினைத்திருக்கிறார். மூடநம்பிக்கையைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத மனுஷன்.

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

அவளுக்காகப் பயந்திருக்கிறார்.

அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. வெறுப்பதற்கு இடைஞ்சலாக இருந்தது.

நிமிர்ந்தாள். வாசலில் அவர் நின்றிருந்தார். திரையில் அவள் எதைத் திறந்து வைத்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டார்.

"டைம் ஒரு மணி நேரம் பின்னால இருக்குங்க."

"பேட்டரி போயிருக்கும்" என்றார், சட்டென்று.

பேட்டரி போனால் வருடமே மாறிவிடும். கணக்காக ஒரு மணி நேரம் மட்டும் போகாது. இதை எங்கே, யார் முன்னால் சொன்னால் அவர் தலை நிமிர முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவருடைய நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள்.

"இருக்கும்" என்றாள்.

நேரத்தைச் சரிசெய்தாள். பத்து ஐம்பத்து நான்கு. அசல் ராகுகாலம்.

உடனே இணைந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு சொற்பொழிவு வரும். வரவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

முதல் கேள்வி திரைக்கு வந்தது.

ஹாலில் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சுவர்க் கடிகாரத்தின் சத்தம் நின்றது.