இரண்டு பச்சை விளக்குகள்

ஒழுங்கு ஒன்றுதான் மனித குலத்தைக் குழப்பத்திலிருந்து காப்பாற்றி வந்திருக்கிறது.

இதை அடிக்கடி சொல்லும் தலைவர் இப்போது மேசைக்கு அடியில் நாலு காலில் இருந்தார். மேலே கோட்டும் டையும். கீழே அரைக்கால் சட்டை. கேமராவில் இடுப்பு வரைதானே தெரியும்.

தலைவர் என்றால், இருபத்தாறு வருஷம் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். அவரையும் சேர்த்துப் பிரிவில் மூன்று பேர். பதினான்கு மாதங்களுக்கு முன் பிரிவையே மூடிவிட்டார்கள். பட்டத்தை மட்டும் அவர் வீட்டுக்கு எடுத்துவந்தார்.

பதினோரு மணிக்கு நேர்காணல். இந்தப் பதினான்கு மாதத்தில் அவரைக் கூப்பிட்ட ஒரே இடம். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. கம்பி இணைப்பு கட்டாயம், நேர்காணலும் அதில்தான் என்று எழுதியிருந்தார்கள்.

மணி பத்து ஐம்பது. நெட் இல்லை. வைஃபையும் படுத்துவிட்டது.

"காலையில நல்லாத்தானேங்க இருந்துச்சு?" என்றாள் மனைவி. சத்தம் கேட்கக் கூடாதென்று தையல் மெஷினை நிறுத்திவிட்டு, பாதி தைத்த சட்டைக் கையோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

காலையில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று என இரண்டு சாம்பல் நிறக் கம்பிகள் பின்னால் சிக்கிக் கிடந்தன. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தலைவர் இரண்டையும் பிடுங்கி, நீவி, ஒன்றாகச் சேர்த்து, நாலு விரல் இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கி, மறுபடி செருகினார். ஜடை பின்னியதுபோல் இருந்தது.

"ஒயர்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு பக்கமும் பாத்துட்டேன்."

பார்த்துத்தான் இருந்தார். கம்ப்யூட்டரின் முதுகில் ஒரு முனை. நெட் பெட்டியில் இரண்டு முனைகள், இரண்டுக்கும் மேலே பச்சை விளக்கு.

'கம்பி செருகப்படவில்லை' என்றது திரை. திரை பொய் சொல்கிறது என்று தலைவர் முடிவு செய்தார்.

மென்பொருளை நீக்கி மறுபடி போட்டார். கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை மேல் கட்டளையாக அடித்தார். பெட்டியை நாலு முறை அணைத்து எழுப்பினார்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணக் கூப்பிடட்டுமா?"

"யாரை? நான் வேலைக்குச் சேந்தப்ப அது பொறக்கவே இல்ல."

வேலை கிடைத்த மாதிரிதான் என்று மனைவி நேற்றே தன் அக்காவிடம் சொல்லியிருந்தாள்.

பதினொன்று ஏழுக்கு போன் அடித்தது. நேர்காணல் நடத்தும் பெண். குரலுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம்.

"சார், நீங்க இன்னும் வரலியே. ஒயர் ரெண்டு பக்கமும் சரியா சொருகியிருக்கான்னு ஒரு தடவ பாத்துடறீங்களா?"

தலைவருக்குக் காது சிவந்தது.

"ஏம்மா, இருபத்தாறு வருஷமா இதான் என் பொழப்பு. என்கிட்டயே ஒயரப் பத்திக் கேக்கறியா? கோளாறு உங்க பக்கம். மொதல்ல அதப் பாருங்க."

"நெட் வரலன்னு போன் பண்றவங்ககிட்ட தெனமும் இந்தக் கேள்வியத்தான் சார் கேக்கணும். அதான் இந்த வேலையே. அவங்களும் இப்படித்தான் பதில் சொல்லுவாங்க."

குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"பரவால்ல சார். வெச்சிடறேன்."

"என்னங்க சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"அவங்க பக்கம் ஏதோ கோளாறாம்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

தலைவர் அவளுடைய துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, கோட்டோடு மேசைக்கு அடியில் போனார். பட்டைகளை ஒவ்வொன்றாக நறுக்கினார். இருபத்திரண்டு பட்டைகள்.

பெட்டியில் செருகியிருந்த இரண்டு முனைகளும் டிவி கம்பியுடையவை. பெட்டி தன்னோடு தானே பேசித் திணறியதில்தான் வைஃபையும் நின்றுபோயிருந்தது. கம்ப்யூட்டர் கம்பியின் மறுமுனை எதிலும் செருகாமல், கட்டுக்குள் வெகு நேராகப் படுத்திருந்தது.